அப்பா பேரில் இருந்த மைல்

நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பது மைல். விமானக் கம்பெனி சாரக்காரருக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. அதில் ஒன்று கூட்டிச் சொல்ல மாட்டார், ஒன்று குறைத்தும் சொல்ல மாட்டார். ஒரு தடவை பறந்தால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பது. பதின்மூன்று லீவு, போக ஒன்று வர ஒன்று, ஆக இருபத்தாறு தடவை. அதோடு கம்பெனியின் உறுப்பினர் கார்டு எடுத்த அன்று சும்மா கொடுத்த முந்நூறு. இந்தக் கணக்கைக் கட்டிலுக்கு மேலே சுவரில் பென்சிலால் போட்டு வைத்திருந்தார். நாற்பதாயிரம் சேர்ந்தால் ஓர் ஆளுக்குப் போக வர இலவச டிக்கெட் என்று கம்பெனி விளம்பரத்தில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

அந்த ஓர் ஆள் அவர் மனைவி.

வெளிநாட்டில் உயரமான கட்டடங்களுக்கு வெளியே இரும்புக் குழாயோடு குழாயைப் பூட்டி, பலகை போட்டு, மற்றவர்கள் நின்று வேலை செய்ய மேடை கட்டுகிற வேலை சாரக்காரருக்கு. இன்னும் மூன்று மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. முட்டி தேய்ந்துவிட்டது, இனிப் புதுப்பிக்க மாட்டார்கள். கடைசி வருஷம் என்பதால் மனைவியை இருபது நாள் அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் மூன்றாம் தேதியிலிருந்து ஒரு தனி அறை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவோடு. டிக்கெட் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள்.

மனைவிக்கு அறை பெரிய விஷயமில்லை. தையல் கம்பெனியில் பித்தானுக்குத் துளை போட்டுப் போட்டுக் கண் மங்கிக்கொண்டு வருகிறவள் அவள். "எல்லாரு புருஷனும் கட்டினது நிக்குது. கொத்தனார் கட்டின சுவர் நிக்குது, தச்சர் வச்ச கதவு நிக்குது. நீங்க கட்டினதை மட்டும் வேலை முடிஞ்சதும் பிரிச்சு வண்டியில ஏத்திடுறாங்க. ஒண்ணையாவது நிக்கிறப்பவே நான் அண்ணாந்து பார்க்கணும்" என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது நாற்பத்தோரு மாடிக்கு நிற்கிறது ஒன்று. அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே உயரமானது, கடைசியானதும் கூட. அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதி பிரிக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் அவள் வந்து சேர வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தகரக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து என்றது, நான்கை அழுத்து என்றது, பிறகு பாட்டுப் போட்டது. தட்டில் சாதம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு பெண்குரல் வந்து, அவருடைய அப்பா பேரைச் சொல்லி, அதோடு 'சார்' சேர்த்து, "பேசுறது நீங்கதானே?" என்று கேட்டது.

சாரக்காரருக்குச் சுருக்கென்றது. அது பழைய முள்.

கார்டு எடுத்த அன்று அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் லீவுக்குக் கிளம்பி வரிசையில் நின்றபோது, கழுத்தில் பட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, "கைநாட்டு மட்டும் வைங்க, மத்ததை நான் எழுதிக்கிறேன்" என்றாள். பாஸ்போர்ட்டைத் திறந்தாள். மேல் வரியில் குடும்பப் பெயர் என்று அப்பா பேர் இருந்தது, கீழ் வரியில் அவர் பேர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பேரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு ஒரு புள்ளி வைப்போம், அதோடு முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு அவசரம். மேல் வரியையே பேருக்கும் எழுதினாள், குடும்பப் பேருக்கும் எழுதினாள். கார்டில் அப்பா பேர் இரண்டு தடவை இருந்தது. சாரக்காரர் பேர் ஒரு தடவை கூட இல்லை.

இது தெரிய அவருக்கு ஆறு வருஷம் ஆனது. ஏணிக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டைகளில்தான் அவர் எழுத்துக் கற்றார். பச்சை அட்டை என்றால் சாரத்தில் ஏறலாம். சிவப்பு அட்டை என்றால் 'ஏறாதே'. நிறத்தைப் பார்த்து எழுத்தை ஊகித்து, ஓர் எழுத்தை வைத்து அடுத்த எழுத்தைப் பிடித்து, நாற்பது வயதில் ஒருநாள் பையிலிருந்த கார்டை எடுத்துப் படித்தார். படித்ததும் தூக்கி எறியத்தான் தோன்றியது.

அந்தப் பேரை வாயால் சொல்வதையே அவர் விட்டிருந்தார். அப்பா ஊரெல்லாம் கை நீட்டி வாங்கியவர். மளிகைக்கடை, சைக்கிள் கடை, வட்டிக்காரர் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. கேட்க வந்தவர்கள் வாசலில் நின்று, "உங்கப்பன் பேரைச் சொல்லுடா, நாலு பேர் கேட்கட்டும்" என்று மகனைப் பிடித்து உலுக்குவார்கள். பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். கடன் போகவில்லை. வெளிநாடு வந்து ஐந்து வருஷம் சம்பாதித்ததை அந்தப் பேருக்கே கொட்டி அடைத்தார் சாரக்காரர். அந்தப் பேரில் வரவு என்று உலகத்தில் ஒன்று இருந்தால் அது இந்த மைல்தான்.

"அது எங்கப்பா பேரும்மா" என்றார் போனில். "கார்டுல தப்பா எழுதிட்டாங்க. நான் அவரோட மகன். பறந்தது எல்லாம் நான்தான். என் சம்சாரத்துக்கு ஒரு டிக்கெட் வேணும்."

"மெம்பர்தான் பேசணும் சார். அவர்கிட்ட கொடுங்க."

"அவர்கிட்ட எப்படிம்மா கொடுக்கிறது?"

"பக்கத்துல இல்லையா? எப்ப வருவார்?"

காலையிலிருந்து வெயிலில் குழாய் தூக்கிய உடம்பு. "எங்கேருந்து வருவார்? செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு!" என்று கத்திவிட்டார்.

அந்தப் பக்கம் தட்தட்டென்று எதையோ தட்டும் சத்தம். "ரொம்ப வருத்தமா இருக்கு சார். குறிச்சுக்கிட்டேன்" என்றது குரல், நிஜமாகவே வருத்தத்தோடு.

பரவாயில்லை, ஒருத்தியாவது காது கொடுத்துக் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டு சாரக்காரர் காய்ந்த சாதத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

மறுநாள் போனில் செய்தி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். 'எங்கள் மதிப்புக்குரிய உறுப்பினரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். அன்னாரின் கணக்கு முடிக்கப்பட்டது. இருப்பு: 0.'

மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை கிரேன் ஓட்டுகிறவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எதிர்க்கட்டில்காரன் அவன், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, உங்கப்பா ஒரு தடவைதான் செத்தாரு. நீங்க போன் போட்டு ரெண்டாவது தடவையும் கொன்னுட்டீங்களே."

"வாயை மூடுறா."

"இரங்கல் வேற சொல்லியிருக்கான். ஒரு மாலை கீலை அனுப்புவானான்னு கேளுங்க."

சாரக்காரர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கிரேன்காரன் அதைப் பார்த்துவிட்டு, கிண்டலை நிறுத்திக்கொண்டு, செய்தியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னான். "வாரிசு ஆறு மாசத்துக்குள்ள கேட்டா மைலை மாத்திக் கொடுப்பாங்களாம்ணே. இறப்புச் சான்றிதழ் அனுப்பணுமாம்."

மனைவி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, மடிப்பு நீவிப் படம் பிடித்து அனுப்பினாள். கிரேன்காரன் அதைக் கம்பெனிக்கு அனுப்பிக் கொடுத்தான். நாலு நாள் ஆனது, எட்டு நாள் ஆனது. அதற்குள் அடுத்த மாதமே பிறக்கப் பார்த்தது.

ஒன்பதாம் நாள் பதில். 'சான்றிதழின்படி உறுப்பினர், உறுப்பினராகச் சேர்வதற்கு முன்பே இறந்துள்ளார். இறந்தபின் இருபத்தாறு முறை பயணம் செய்துள்ளார். முறைகேடு எனச் சந்தேகிக்கப்படுவதால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படுகிறது.'

கிரேன்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிக்கக் கூடாது என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். சாரக்காரர் சிரிக்கவில்லை. முறைகேடு என்ற எழுத்தை விட்டு அவர் கண் நகரவில்லை. அப்பாவின் பேரைச் சொல்லித் திருடன் என்று வாசலில் கத்தினவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காசாக எண்ணிக் கொடுத்து வாயை அடைத்திருந்தார் அவர். இப்போது வாங்காத கடனுக்குப் புதுசாக ஒருத்தன் கத்துகிறான். அதுவும் எவன்? தர வேண்டியவன்!

"நாளைக்கு லீவுதானே?" என்றார்.

"நம்ம எல்லாருக்கும் லீவுதான்ணே."

"அவங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

விமானக் கம்பெனி அலுவலகம் நகரத்துக்கு நடுவில், கீழே நகைக்கடை, மேலே இது. கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர் அடித்தது. டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. ஓடிக்கொண்டிருந்தது அறுபத்து மூன்று. சாரக்காரர் மடியில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் இருபத்தாறு துண்டுச் சீட்டுகள். விமானத்தில் ஏறும்போது கிழித்துக் கையில் கொடுக்கிற மிச்சம். ஒன்றைக் கூட அவர் தொலைக்கவில்லை. கடன் அடைத்த காலத்தில் வந்த பழக்கம் அது, காகிதம் இல்லையென்றால் எவனும் நம்ப மாட்டான்.

எதிர்ச் சுவரில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள் அதே பெண். 'வானமே உங்களுடையது' என்று எழுதியிருந்தது. இரண்டரை மணி நேரம் அதையே படித்தார்.

கவுண்டரில் டை கட்டின பையன். வயசு இருபத்தைந்துதான் இருக்கும். திரையைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"இந்தக் கணக்கு முடக்கியிருக்கு சார். மெம்பர் காலமாயிட்டார்."

சாரக்காரர் டப்பாவைத் திறந்து கவுண்டரில் கவிழ்த்தார். சீட்டுகள் சிதறின. சிலதில் மை வெளுத்து வெறும் காகிதமாகிவிட்டிருந்தது.

"எண்ணு தம்பி."

"சார், இதெல்லாம் தேவையில்..."

"எண்ணுன்னு சொல்றேன்ல! இருபத்தாறு இருக்கு. இது நாலாவது லீவு, எம் பொண்ணு பெரிய பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். இது ஒன்பதாவது, கால்ல கட்டோட போனேன், நடக்கிற வழியோரத்துல சீட் கொடுங்கன்னு கெஞ்சினேன், கொடுக்கலை. செத்தவனுக்கு எதுக்குடா கால் நீட்ட இடம்? செத்தவன் கிட்டயாடா பை ரெண்டு கிலோ கூட இருக்குன்னு காசு பிடுங்கினீங்க? அப்ப மட்டும் ஆள் உயிரோட தெரிஞ்சானா?"

"மரியாதையா பேசுங்க சார்."

"மரியாதையாத்தான் வந்தேன். டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். போன்ல பாட்டுக் கேட்டேன். ரெண்டு வாரமா மரியாதைதான் பண்ணிக்கிட்டிருக்கேன். மைல் என்னுது. உடம்பு என்னுது. உட்கார்ந்து வந்த முதுகு என்னுது. பேர் மட்டும் எங்கப்பனுது. அதையும் எழுதினது உங்க ஆளு!"

பின்னால் டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓர் அம்மா, "நியாயந்தானே கேட்கிறாரு" என்றார். இன்னொருவர், "எனக்கும் மூணு வருஷமா இழுக்கிறாங்க" என்றார். காவலாளி இரண்டடி முன்னால் வந்து, சாரக்காரரின் தோளைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனான்.

உள்ளேயிருந்து மேலாளர் அம்மா வந்தார். சீட்டுகளைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பொறுமையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பாஸ்போர்ட்ல இந்தப் பேர் இருக்கு. கார்டுலயும் இந்தப் பேர் இருக்கு. அப்ப நீங்கதான் அவர், சரிங்களா? ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தா நான் கணக்கைத் திறந்துடுறேன். மேற்படி உறுப்பினர் உயிரோட இருக்கார், அது நான்தான், இறந்துட்டார்னு சொன்னது தவறுன்னு. கீழே கார்டுல உள்ள பேரையே கையெழுத்தா எழுதணும்."

"எங்கப்பா உயிரோட இருக்கார்னு நான் எழுதணும்."

"சிஸ்டத்துல அப்படித்தான் சார் திறக்க முடியும்."

"என் பேர்?"

"அது சிஸ்டத்துலயே இல்லையே சார்."

சாரக்காரர் படிக்கட்டுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார்.

"அந்தாளு பேரை நான் எழுதணுமாம். நான்தான் அந்தாளுன்னு. எழுதாம வெளிய வந்துட்டேன். நீ வர வேணாம், போ. எவன் கிட்டயும் நான் தொங்க மாட்டேன்."

"ஏங்க, கொஞ்சம் மூச்சு விடுங்க."

"என்ன மூச்சு?"

"உங்கப்பா பேர்ல எத்தனை கையெழுத்துப் போட்டீங்க, கடன் கட்டினப்ப? மளிகைக்கடை நோட்டுல, வட்டிக்காரர் நோட்டுல?"

"அப்ப எனக்குக் கையெழுத்தே தெரியாது. கட்டை விரல்தான் வச்சேன்."

"அதான். கட்டுறதுக்கு விரல் வச்சீங்க, வாங்குறதுக்குக் கையெழுத்துப் போட்டா என்னவாம்? அந்த மனுஷன் வாழ்க்கையில ஒருத்தருக்கும் ஒண்ணும் கொடுத்ததில்லை. செத்த பிறகாவது மருமகளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுக்கட்டுமே. நான் பை தைச்சு வச்சுட்டேன். அந்தச் சாரத்தைப் பார்க்காம இருக்க மாட்டேன்."

கீழே நகைக்கடையில் யாரோ வளையலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாரக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

அப்பா பேரை முழுசாக அவர் எழுதினது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு எழுத்தாக, கார்டைப் பார்த்துப் பார்த்து, இரண்டு தடவை. பேனா பிடித்த விரல், குழாய்ப் பூட்டை முறுக்குவதுபோல முறுக்கிக்கொண்டிருந்தது. டை கட்டின பையன் தட்டினான். கணக்கு திறந்தது. நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பது. எல்லாம் பத்திரமாக உள்ளேயே இருந்திருக்கிறது, எங்கும் போகவில்லை.

"ரெண்டாம் தேதி ராத்திரி ஒரு சீட் இருக்கு சார். போட்டுடவா?"

"போடு."

"வரி, எரிபொருள் கட்டணம், சேவைக் கட்டணம். இருநூற்றுத் தொண்ணூறு ஆகும்."

சாரக்காரருக்கு முதலில் புரியவில்லை. "எது ஆகும்?"

"இலவச டிக்கெட்டுக்கு சார். மைல் டிக்கெட்டுக்கு மட்டும்தான். மத்ததெல்லாம் நீங்க கட்டணும்."

"மைலே இல்லாம, காசு கொடுத்து வாங்கினா அதே சீட் எவ்வளவு?"

பையன் தட்டிப் பார்த்தான். சொல்லலாமா என்று யோசித்தான். மேலாளர் அம்மா பக்கம் திரும்பினான். அந்த அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூற்றுப் பத்து சார்."

இருபது. பதின்மூன்று வருஷம். சுவரில் எழுதிய கணக்கு, இரண்டு வார அலைச்சல், மனைவி விட்ட ஒரு நாள் கூலி, அப்பா பேர் இரண்டு தடவை. எல்லாம் சேர்ந்து இருபது. அரை நாள் சம்பளம் கூட இல்லை.

அவர் கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். காவலாளி கூடக் கையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். சாரக்காரர் கத்தவில்லை. கத்துகிற கோபம் தீர்ந்து அடுத்த கோபத்துக்கு வந்திருந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எங்கப்பனும் இப்படித்தான். நூறு வாங்கினா, ரெண்டு வருஷம் அலைய விட்டு, அஞ்சைக் கையில வச்சுட்டு, தீர்ந்துச்சும்பாரு" என்றார். "பரவாயில்லை. இருபதுன்னா இருபது. என்னுது. ஒத்தைக் காசு விட மாட்டேன். போடு."

இருநூற்றுத் தொண்ணூறை எண்ணி வைத்தார். மேலாளர் அம்மா மனைவியின் பேரைக் கேட்டார். சாரக்காரர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "அவ பேர் முதல்ல. என் பேர் பின்னால. என் பேர்! எங்கப்பா பேர் எங்கயாவது வந்துச்சுன்னா இந்தக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் நிக்க மாட்டேன்." அச்சடித்து வந்ததை ஒருதரம், இருதரம் படித்தார். சரியாக இருந்தது.

"மீதி ஆயிரத்து முந்நூற்று எண்பது இருக்கு" என்றார் சாரக்காரர்.

"இந்த மாசக் கடைசியில காலாவதி ஆயிடும் சார், முடக்கித் திறந்த கணக்குங்கிறதால. வேணும்னா பரிசுப் பொருள் எடுத்துக்கலாம். கழுத்துக்கு வைக்கிற தலையணை ஒண்ணு ஆயிரத்து முந்நூறு."

"எடு."

"அது வீட்டுக்கு அனுப்புவாங்க, ஆறு வாரம்..."

சாரக்காரர் கையை நீட்டினார். பையனின் தலைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு ஒரு தலையணை இருந்தது. மேலாளர் அம்மா தலையை ஆட்டினார். பையன் அதை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான்.

"இன்னும் எண்பது."

"எண்பதுக்கு ஒண்ணும் வராது சார்."

"வராதுன்னு தெரியும். கணக்கை முடிக்கணும்ல? நான் கடன் அடைச்சப்ப ஒவ்வொருத்தனும் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான். படிக்கத் தெரியாதவன்னு தெரிஞ்சும் எழுதிக் கொடுத்தான். இப்ப எனக்குத் தெரியும். நான் எழுதித் தரேன்."

சட்டைப்பையில் எப்போதும் சாரத்தில் தொங்கவிடும் அட்டை நாலைந்து கிடக்கும் அவருக்கு. அதிலிருந்து ஒன்றை உருவினார். சிவப்பு. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ஏறாதே'. பின்பக்கம் காரணம், பெயர், தேதி என்று மூன்று கோடு. கவுண்டரில் சங்கிலியால் கட்டியிருந்த பேனாவை இழுத்து, சீட்டுகளின் மேலேயே அட்டையை வைத்து எழுதினார். காரணம்: 'எண்பது மைல் தள்ளுபடி. கணக்கு தீர்ந்தது.' தேதி போட்டார். பெயர் என்ற இடத்தில் தன் பேரை எழுதி, முன்னால் அந்த ஒற்றை எழுத்தைப் போட்டார். அதற்குப் பக்கத்தில் வைத்த புள்ளி அட்டையைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் வந்தது.

பிறகு அட்டையின் கொக்கியைப் பேனாச் சங்கிலியில் மாட்டி, காத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிறபடி முன்பக்கத்தைத் திருப்பிவைத்தார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

டோக்கன் நூற்றுப் பதின்மூன்று எழுந்து வந்தார். அட்டையைப் படித்தார். கையிலிருந்த கார்டைப் பார்த்தார். உட்காரலாமா வேண்டாமா என்று அங்கேயே நின்றார். அட்டையைக் கழற்ற யாரும் கை நீட்டவில்லை.